கதவை மூடாத டாக்டர் ஐடா



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, இன்ஜினியர் என்பதால் மோட்டார், பாய்லர் பற்றி ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு டாக்டரம்மாவைப் பற்றி. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் பஸ் ஏறினால், காவேரிப்பாக்கம், வாலாஜா தாண்டி ராணிப்பேட்டை வரும். நம் பாலாற்றங்கரை ஊர்தான். அங்கே 1870 டிசம்பர் 9-ஆம் தேதி பிறந்தவர் ஐடா சோபியா ஸ்கடர். தாத்தா, அப்பா இருவருமே அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் டாக்டர்கள். சிறுமியாக இருந்தபோதே 1876-78 பெரும் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். அதனாலோ என்னவோ, படிக்க அமெரிக்கா போனவருக்கு இந்தியா திரும்பும் எண்ணமே இல்லை. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் 1890-இல் திண்டிவனம் வந்தார். சில காலம் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்பது அவர் திட்டம்.

ஒரே இரவு அந்தத் திட்டத்தை மாற்றியது. ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடா டாக்டர் இல்லை. அப்பா வருகிறேன் என்றார். ஆனால் ஆண் டாக்டர் பிரசவம் பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட சேதி வந்தது.

அந்த மூன்று சாவும் ஐடாவை டாக்டராக்கின. அமெரிக்கா திரும்பி, கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்றார். நியூயார்க் பேங்கர் ஒருவர் காலமான தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலருடன் 1900-இல் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களில் அப்பாவும் காலமானார். ஒரே ஒரு படுக்கையோடு சின்ன டிஸ்பென்சரி தொடங்கியது. முதல் ஆபரேஷனுக்கு உதவிக்கு நின்றது யார் தெரியுமா? வீட்டு பட்லரின் மனைவி! 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழும்பியது. இன்று அது சி.எம்.சி.யின் கண் ஆஸ்பத்திரி.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். அது கொள்ளைநோய்களின் காலம். பம்பாயில் 1896-இல் நுழைந்த பிளேக், சில வருஷங்களில் தெற்கேயும் இறங்கியது. காலராவும் பெரியம்மையும் வராத வருஷமே கிடையாது. ஊரில் நோய் என்றால் கடைவீதி அடையும், உறவினர்கூட எட்டி நிற்பார்கள். ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஊர் நிலவரம் தெரியுமா? பிரசவ வலி வரும் நாளில் வந்தே தீரும். சும்மா நாளிலேயே உதவி கிடைக்காத பெண்ணுக்கு, நோய்க்காலத்தில் யார் வருவார்கள்?

பிரசவமே ஒரு தொற்றாகவும் இருந்தது. பிரசவ ஜன்னி என்று நம் பாட்டிமார்கள் பயந்தார்களே, அது கை கழுவாத மருத்துவச்சியின் விரல் வழியே வீடு வீடாகப் போனது. கையைக் கழுவினால் போதும், சாவு குறையும் என்று 1847-லேயே வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ் காட்டிவிட்டார். அந்த அறிவு நம் கிராமத்து மண் தரைக்கு வந்து சேர, அதைச் செய்து காட்டும் பெண் கைகள் வேண்டியிருந்தன.

தான் ஒருத்தி ஓடி ஓடிப் பார்த்து முடியாது என்று ஐடாவுக்குப் புரிந்தது. 1909-இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அதே ஆண்டு ஒரு பெஜோ கார் கிடைக்க, குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம் பார்த்தார். குடியாத்தமும் நம் ஊர் மாதிரி தறிச்சத்தம் கேட்கும் ஊர். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களிடம் ஆஸ்பத்திரியே போயிற்று.

1918 ஆகஸ்டில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் திறந்தார். மாணவிகளே கிடைக்கமாட்டார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. விண்ணப்பங்கள் நூறைத் தாண்டின! பள்ளி திறந்த சில வாரங்களில் விஷக்காய்ச்சல் என்ற இன்ஃப்ளூயன்ஸா மாகாணத்தைத் தாக்கியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள் என்பது மதிப்பீடு. கர்ப்பிணிகளை அந்தக் காய்ச்சல் தனியாகவே வதைத்தது. பெண் டாக்டர்கள் எவ்வளவு அவசரத் தேவை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 1922-இல் முதல் அணியாக 14 பெண்கள் படிப்பு முடித்து வெளியே வந்தார்கள். 1942-இல் அது பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரியாக உயர்ந்தது. 1947-இல் ஆண்களும் சேர்ந்தார்கள். 1960 மே மாதம், 89-ஆம் வயதில், கொடைக்கானலில் ஐடா கண் மூடினார்.

பழைய கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். 2014-15-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, சியரா லியோனில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்தார்கள். அதனால் கூடுதலாக இறந்த தாய்மார், பச்சிளம் சிசுக்கள், இறந்தே பிறந்தவை எல்லாம் சேர்ந்து சுமார் 3,600 என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த நாட்டில் எபோலாவே கொன்றவர்கள் கிட்டத்தட்ட 4,000 பேர். அதாவது நோய் ஒரு பங்கு என்றால், மூடிய கதவு இன்னொரு பங்கு.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். 2020 லாக்டவுனில் என் தங்கை பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவம். தெருவில் தறிகள் ஓய்ந்து கிடந்தன. அம்மா தார் சுற்றும் ராட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ராத்திரி வலி எடுத்தது. இரண்டு இடங்களில் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில், முகம் முழுக்க மூடிய ஒரு நர்ஸம்மா ஒன்றும் பேசாமல் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். விடியற்காலையில் பெண் குழந்தை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் திண்டிவனத்து மூன்று வீடுகள் என் ஞாபகத்துக்கு வந்தன. எங்களுக்கு மூன்றாவது கதவு திறந்தது. அவர்களுக்கு ஒன்றும் திறக்கவில்லை.

எங்கள் ஆலையில் ஷட்டவுன் எடுத்தாலும் தீயணைப்பு பம்புக்குப் போகும் கரண்டை மட்டும் நிறுத்தமாட்டோம். எதை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம். பிரசவ வார்டும் அந்தப் பட்டியலில் இருந்தாகணும். அடுத்த கொள்ளைநோய் வரும்போது இந்தப் பட்டியலை எழுதும் நாற்காலியில் உங்களில் ஒருவர் இருக்கலாம், தம்பி தங்கைகளே. அன்றைக்கு அந்த மூன்று பெண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் இந்த வருஷம் ஸ்கூலுக்குப் போகிறாள். பெயர் வைக்கும்போது நான் ஐடா என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை. பரவாயில்லை, கதையை மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.