உட்பகையும் புதுமைப்பித்தனும்

கடலூரையும் விருத்தாசலத்தையும் இணைக்கும் இருப்புப்பாதையின் இடையே அமைந்தது நெய்வேலி. அப்பாதையின் கீழ்த்திசையில் உள்ள திருப்பாதிரிப்புலியூர் ஒரு பெரும் எழுத்தாளரை ஈன்றது; மேற்றிசையில் உள்ள விருத்தாசலமோ அவருடைய இயற்பெயராய் விளங்கியது. அவரே சிறுகதை மன்னர் எனத் தமிழுலகம் போற்றும் புதுமைப்பித்தன். நாற்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்த அவருடைய வரலாற்றையும், அவ்வாழ்வைப் பறித்த நோயின் இயல்பையும் இப்பாடத்தில் காண்போம்.

புதுமைப்பித்தன் 1906ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 25ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த்துறை அலுவலர். அவர் ஊர்தோறும் மாற்றப்பட்டமையால், செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி முதலிய ஊர்களில் மைந்தரின் தொடக்கக் கல்வி நிகழ்ந்தது. இளமையிலேயே அன்னையை இழந்தார். பின்பு குடும்பம் திருநெல்வேலியை அடைந்தது. அங்கே இந்துக் கல்லூரியில் பயின்று, 1931இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் கமலா அம்மையாரை மணந்தார்.

அரசுப் பணியை நாடாது, எழுத்தையே தொழிலாகக் கொண்டு சென்னை சேர்ந்தார். ‘மணிக்கொடி’ இதழ் அவருடைய கதைகளை வெளியிட்டது. ‘ஊழியன்’, ‘தினமணி’, ‘தினசரி’ ஆகிய இதழ்களில் அவர் பணிபுரிந்தார். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பின் அவலத்தைப் ‘பொன்னகர’த்திலும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஏழையர் துயரைத் ‘துன்பக்கேணி’யிலும் எழுதிக் காட்டினார். பிறர் வறுமையை எழுதிய அவரைத் தம் வறுமையும் விட்டபாடில்லை. பொருள் வேண்டித் திரைப்படத்துறையை நாடினார். ‘ராஜமுக்தி’ என்னும் படத்திற்கு எழுதுவதற்காகப் புனா சென்றிருந்தபொழுது, காசநோய் அவரை வாட்டியது. நலிந்த உடலுடன் திருவனந்தபுரம் வந்து சேர்ந்த அவர், 1948ஆம் ஆண்டு சூன் திங்கள் 30ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இத்தகைய ஆற்றலாளரைக் கொன்ற பகை யாது? நம் உடலைக் காவல் மிக்க கோட்டை எனக் கொள்வோமாயின், அதனுள் உலவும் விழுங்கணுக்கள் அக்கோட்டையின் காவலர் ஆவர். புறத்திலிருந்து புகும் கிருமிகளை அவை விழுங்கித் தம்முள்ளே ஒரு சிறு பையில் அடைக்கும். பின்பு அமிலமும் செரிப்புப் பொருள்களும் நிறைந்த வேறொரு பை அதனுடன் வந்து கலக்கும், கிருமி கரைந்தழியும். உருசிய அறிஞர் மெச்னிகாவ் 1882இல் இக்காவலர்தம் செயலைக் கண்டறிந்தார். அதே ஆண்டில்தான் செருமானிய மருத்துவர் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். காவலனும் கள்வனும் ஒரே ஆண்டில் வெளிப்பட்டனர்!

நோயாளி இருமும்பொழுது காற்றில் கலக்கும் இக்கிருமி, பிறர் மூச்சுடன் நுரையீரலின் நுண்ணறைகளை அடைகிறது. அங்குள்ள விழுங்கணு இதனையும் விழுங்குகிறது. ஆயினும் இக்கிருமி எளிதில் மாய்வதில்லை. தன்னை அடைத்த பையுடன் அமிலப்பை வந்து கலவாதவாறு தடுத்துவிடுகிறது. மெழுகு போன்ற தடித்த மேலுறை இதற்குக் கவசமாகிறது. சிறைக்கூடத்தையே குடியிருப்பாக்கிக்கொண்டு, ஏறத்தாழ 20 மணி நேரத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிளந்து மெல்லப் பெருகுகிறது.

ஏனைய காவலணுக்கள் வாளா இருப்பதில்லை. அவை சூழ்ந்துகொண்டு, சிறு முடிச்சாகக் கட்டிக் கிருமியை அடக்கிவைக்கின்றன. அம்முடிச்சினுள் நீறுபூத்த நெருப்புப்போல அது பல்லாண்டு கிடத்தலும் உண்டு. உலக மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் உடலில் இக்கிருமி புகுந்துள்ளது. அவர்களுள் நூற்றுக்கு ஐவர் முதல் பதின்மர் வரையினரே நோயுறுகின்றனர். உணவுக் குறைவாலோ பிற நோயாலோ உடல் தளர்ந்தவிடத்து முடிச்சு உடைகிறது. கிருமி வெளிப்பட்டு நுரையீரலை அரிக்கிறது. திருவள்ளுவர் ‘உட்பகை’ என்றோர் அதிகாரமே வகுத்தார். அரசுக்கு அவர் கூறியது உடலுக்கும் பொருந்துதல் காண்க.

இப்பகையை வெல்லும் படைக்கலம் இல்லாமல் இல்லை. ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து அமெரிக்காவில் 1943இலேயே கண்டறியப்பட்டது. புதுமைப்பித்தன் மறைந்த அதே 1948இல் அதன் பயனை நிறுவிய ஆய்வு இங்கிலாந்தில் வெளியாயிற்று. ஆயினும் அன்று அம்மருந்து அரிதாகவும் விலைமிக்கதாகவும் இருந்தது.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய 1956ஆம் ஆண்டில், சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. வாலசு பாக்சு என்னும் ஆங்கில மருத்துவர் அதற்குத் தலைமை தாங்கினார். நோயாளர் சிலரை மருத்துவமனையில் வைத்தும், சிலரை அவர்தம் எளிய இல்லங்களிலேயே இருக்கச் செய்தும் ஓராண்டு மருந்து அளித்தனர். இரு சாரார்க்கும் ஏறத்தாழ ஒத்த பயனே கிட்டியது. இல்லத்தில் இருந்தோரால் உடனுறைந்தார்க்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. இம்முடிவு 1959இல் வெளிவந்ததும் உலகமே வியந்தது. காற்றோட்டமான மலைச்சாரல் மருத்துவமனைக்குச் செல்ல இயலாத ஏழையரும் உயிர் பிழைக்க வழி பிறந்தது. புதுமைப்பித்தன் எழுதி வறுமையுற்ற நகரமே அவ்வழியை உலகிற்குக் காட்டியது.

இன்று பெரும்பாலோர்க்கு ஆறு திங்கள் மருத்துவம் போதும். அரசு அதனை இலவசமாகவே வழங்குகிறது. மருந்து உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் இருமல் தணியும், உடல் தேறும். நோய் நீங்கியது எனக் கருதிப் பலர் மருந்தை விடுவது அப்பொழுதே. அணுக்களின் உள்ளே ஒளிந்து, பெருகாது உறங்கும் கிருமிகள் அந்நிலையில் எஞ்சியிருக்கும். அவை மீண்டும் எழுவதோடு, மருந்துக்கு அடங்காத வன்மையும் பெறக்கூடும். ஆதலின் குறித்த காலம் முழுவதும் மருந்து உண்ணல் இன்றியமையாதது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிப்பின் சோதித்துக்கொள்ள நாணலாகாது. நோயுற்றாரை இகழ்தலும் ஆகாது.

புதுமைப்பித்தனின் எழுத்துக்களைத் தமிழக அரசு 2002இல் நாட்டுடைமையாக்கியது. ஏறத்தாழ நூறு கதைகளை அவர் நமக்கு விட்டுச்சென்றார். இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருப்பாராயின் மருந்தும் கிட்டியிருக்கும், கதைகளும் பெருகியிருக்கும். அவருக்குக் கிட்டாத அம்மருந்து இன்று நம் ஊர் மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. அதன் அருமையை உணர்ந்து வாழ்வோமாக.