சாமாஜியின் நேர்த்திக்கடன்

கொங்கணக் கடற்கரைக் கிராமங்களில் செக்காட்டிப் பிழைத்த ஒரு சமூகத்தினரை அயலார் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்து வந்தனர். வாரத்தில் அந்த ஒரு நாள் அவர்களுடைய செக்குகள் சுழல்வதில்லை. ஏன் என்று கேட்டால் முன்னோர் வழக்கம் என்பதற்கு மேல் விளக்கம் சொல்ல அவர்களிடம் நூல் ஏதும் இல்லை.

‘பெனே இஸ்ரேல்’ எனப்படும் யூதர்கள் இவர்கள். நவ்காவ் அருகே மரக்கலம் உடைந்தபோது கரை சேர்ந்த ஏழு தம்பதியரின் வழிவந்தோர் என்பது அவர்களது மரபுவழிச் செய்தி. மறைநூல்களைக் கடல் கொண்டது, ஹீப்ரு மொழியும் மறந்துபோயிற்று, மராட்டியே தாய்மொழியாயிற்று. எஞ்சியவை ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விதிகள், இறைவன் ஒருவனே என்று சாற்றும் ‘ஷெமா’ என்னும் சிறு பிரார்த்தனை, இவ்வளவே. எல்லாச் சடங்குகளிலும் அதையே ஓதினர். பின்னர் கொச்சி யூதர்கள் வழிபாட்டு முறைகளைக் கற்பித்தனர். ஆயினும் கூடி வழிபட ஓர் ஆலயம் அமையவில்லை.

இச்சமூகத்தில் தோன்றியவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர். மராட்டி வழக்கில் சாமாஜி ஹசாஜி. 18ஆம் நூற்றாண்டில் செக்கை விட்டுப் பம்பாய் சென்ற பலரைப் போல் அவரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தார். இரண்டாம் மைசூர்ப் போரில் (1780-84) திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டார்.

அவர் உயிர் தப்பியதைப் பற்றி ஒரு செய்தி வழங்கி வருகிறது. கைதியின் குலம் எது என்று வினவப்பட்டதாம். பெனே இஸ்ரேல் என்ற பெயரைத் திருக்குர்ஆனில் அறிந்திருந்த திப்புவின் அன்னை, அவர்களைக் கொல்ல வேண்டாமென்று மகனிடம் பரிந்து பேசினாராம். வரலாற்று ஆசிரியர் இதற்குச் சான்று கேட்கலாம். எனினும், தங்கள் முதல் ஆலயத்தின் தோற்றத்தைச் சொல்லும்போது பிற சமயத்து அன்னை ஒருவரின் இரக்கத்தை முன்வைக்கும் சமூகத்தின் நன்றியுணர்வை மறுப்பதற்கில்லை.

விடுதலை கிட்டினால் இறைவனுக்கு ஆலயம் எழுப்புவதாகச் சாமாஜி நேர்ந்துகொண்டிருந்தார் என்பர். 1796இல் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் அது நிறைவேறியது. ‘ஷார் ஹாரஹமீம்’ என்பது ஆலயத்தின் பெயர். கருணையின் வாயில் என்று பொருள்.

வெள்ளி மாலைக் கதிரவன் சாயும்போது தொடங்கி மறுநாள் இரவு வரை நீள்வது ஷபாத் என்னும் அந்த ஓய்வுநாள். முழுமையான கூட்டு வழிபாட்டிற்குக் குறைந்தது பத்து ஆடவர் கூட வேண்டும் என்பது மரபு. தொழிலை நிறுத்துவது விரதத்தின் ஒரு பாதியே. ஒழிந்த மனத்தை இறைவன்பால் திருப்புவது மறுபாதி. செக்கு நின்ற வீடுகளில் பல தலைமுறைகளாக முதற்பாதி காக்கப்பட்டது. மறுபாதிக்கு இடம் தந்தவர் இந்தச் சிப்பாய்.

ஆனால் ஷபாத் காலையில் ஆலயத்தில் வாசிப்பதற்குத் தோலில் கையால் எழுதப்பட்ட தோரா சுருள் வேண்டும். அதைப் பெறும் பொருட்டுச் சாமாஜி கொச்சிக்குப் பயணமானார். அங்கேயே 1797இல் காலமானார். தாம் கட்டிய ஆலயத்திற்கு அவர் திரும்பவில்லை.

ஆலயம் 1860இல் வேறிடத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. பெனே இஸ்ரேல் மக்கள் அதனை ‘ஜூனி மஷீத்’, பழைய பள்ளி, என்றே வழங்கினர். அருகிலுள்ள மஸ்ஜித் ரயில் நிலையம் இதனாலேயே அப்பெயர் பெற்றது என்பாரும் உளர். ஆலயத்தை அடுத்த தெருவுக்குச் சாமுவேல் தெரு என்று பெயர்.