கேம்பிரிட்ஜில் ஒரு கும்பகோணத்துக்காரர்

மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, நான் வெளிநாட்டில் மேற்படிப்பு படித்த கதையை எழுதலாமா என்று யோசித்தேன். அதைவிட உபயோகமான கதை ஒன்று இருக்கிறது. சமயநல்லூர் பக்கத்திலிருந்து இப்போது பிள்ளைகள் மேற்படிப்புக்கு விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்த மாணவர் ஒருவர் உண்டு. கணித மேதை சீனிவாச ராமானுஜன்தான் அவர். அவருடைய கணக்கைப் பற்றி எழுத அறிஞர்கள் இருக்கிறார்கள். அங்கே அவர் எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கோட்டை விட்டதால் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குத் தன் கணக்குகளை எழுதி அனுப்ப, அவர் பிரமித்துப்போய் அழைத்தார். கடல் தாண்டக் கூடாது என்ற ஆசாரம் முதலில் தடுத்தது. பிறகு சம்மதித்தார். மதராஸ் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. அதில் ஒரு பங்கைக் குடும்பத்துக்கு ஒதுக்கினார். குடுமியை எடுத்து, கோட்டுப் போட்டு, 1914 மார்ச் 17-ல் நெவாசா கப்பலில் ஏறினார். தாயார் கோமளத்தம்மாளும் மனைவி ஜானகியும் கும்பகோணத்தில் இருந்தார்கள்.

டிரினிட்டி கல்லூரியில் அறை கிடைத்தது. சுத்த சைவம் என்பதால் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகமாட்டார். அறையிலேயே சமையல். புளி முதலான சாமான்கள் ஊரிலிருந்து பார்சலில் வரும். பூட்ஸ் காலைக் கடித்ததால் செருப்பே கதி. வந்த நாலே மாதத்தில் முதல் உலகப்போர் மூண்டது. பாலும் காய்கறியும் கிடைப்பது கஷ்டமானது. கூடப் படித்தவர்களும் ஆசிரியர்களும் போர் வேலைக்குப் போய்விட, கல்லூரியே வெறிச்சென்று ஆனது. இவரோ முப்பது மணி நேரம் ஒரே மூச்சாகக் கணக்குப் போடுவார், பிறகு இருபது மணி நேரம் தூங்குவார். சரியான நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்ல ஆள் இல்லை.

தூக்கமாவது ஒழுங்காக இருந்ததா? அதையும் கேளுங்கள். பிற்காலத்தில் புள்ளியியலில் பெரும் பெயர் பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஒருநாள் அறைக்கு வந்தவர், ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் நடுங்குகிறதாம். மகலனோபிஸ் கட்டிலைப் போய்ப் பார்த்தார். போர்வைகள் எல்லாம் மெத்தையோடு செருகி நேர்த்தியாக விரித்திருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலேயே படுத்திருந்திருக்கிறார்!

இதைக் கேட்டு முதலில் சிரிப்புத்தான் வரும். யோசித்துப் பார்த்தால் சிரிக்க முடியலை. கணக்கில் எதையும் கேட்கத் தயங்காத மனிதர், கட்டிலைப் பற்றி யாரிடம் கேட்பார்? ஹார்டி தினமும் பேசினார், ஆனால் கணக்கு மட்டும். மாமியார் மருமகள் பிணக்கில் மனைவி எழுதிய கடிதங்களும் வந்து சேரவில்லை. ஒரு தடவை நண்பரையும் இரண்டு பெண்மணிகளையும் சாப்பிடக் கூப்பிட்டு, ரசம் பரிமாறினார். மூன்றாவது முறை ஊற்ற வந்தபோது அவர்கள் போதும் என்றார்கள். விருந்தாளிகளை விட்டுவிட்டு ஆள் அப்படியே ஊரைவிட்டே போய்விட்டார். அத்தனை நொந்திருந்தது மனசு.

1916-ல் பட்டம் வந்தது. 1917-ல் படுக்கையில் விழுந்தார். காச நோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். ஆரோக்கிய நிலையம் மாற்றி ஆரோக்கிய நிலையம். 1918-ன் தொடக்கத்தில் மனம் உடைந்து, லண்டன் பாதாள ரயில் நிலையத்தில் உயிரை விடப் பார்த்தார். பணியாளர் ஒருவர் கவனித்ததால் தப்பினார். சில மாதங்களில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிட்டி ஃபெல்லோ ஆனார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர். 1919 மார்ச்சில் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. நோய் காசமே அல்ல, ஈரலில் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம், அது அக்காலத்திலேயே குணப்படுத்தக்கூடியது என்று 1994-ல் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். ஜானகி அம்மாள் அவருக்குப் பின் 74 ஆண்டுகள் வாழ்ந்து, அதே 1994-ல் மறைந்தார்.

நம் மாணவத் தம்பி, தங்கைகளே! மார்க், விசா, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. ஹீட்டரை எப்படிப் போடுவது, மனசு சரியில்லை என்றால் யாரிடம் போவது என்பதையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் பேசும்போது நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். கேட்கத் தெரியாதது மேதைக்கே ஆபத்தாய் முடிந்தது.

பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் ஆளுக்கு ஒரு புது மாணவரை ஏற்றுக்கொண்டு, முதல் குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை கூப்பிட்டுப் பேச வேண்டும். பேசினால் மட்டும் போதாது. பக்கத்து ஊர் என்றால் நேரில் போங்கள், சாப்பாட்டைப் பாருங்கள், கட்டிலையும் பாருங்கள். ராமானுஜனுக்கு ஹார்டி கிடைத்தது அதிர்ஷ்டம். மகலனோபிஸ் மாதிரி இன்னும் நாலு பேர் கிடைத்திருக்கலாம்.