மண்வளம் போற்றிய மாண்பினர்

பொதிகை மலையில் தோன்றி, நெல்லைச் சீமையை வளப்படுத்திக் கடலொடு கலப்பது தாமிரபரணி ஆறு. அதன் இருமருங்கிலும் கார், பிசானம் என இருபோகம் நெல் விளைத்த உழவர்கள், மண்ணிடம் பெற்றதை மண்ணுக்கே திருப்பித் தரும் வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டிருந்தனர். நடவுக்கு முன்னர்க் கொழிஞ்சி, வேம்பு, புங்கு முதலியவற்றின் தழைகளைச் சேற்றில் மிதித்தனர். அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்தினர். இவற்றையொத்த வழக்கங்கள் நம் நாட்டின் பிற பகுதிகளிலும் உண்டு. அவற்றைப் பழமை என்று இகழாது, அவற்றுள் அடங்கிய அறிவியல் உண்மையை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்திய பெருந்தகையாளர் சர் ஆல்பர்ட் ஹோவர்ட் ஆவார்.

ஹோவர்ட், இங்கிலாந்து நாட்டில் ஷிராப்ஷயர் என்னும் பகுதியில் உழவர் குடும்பம் ஒன்றில் 1873ஆம் ஆண்டு பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றார். பின்னர் மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்நோய் ஆராய்ச்சியாளராகப் பணியாற்றினார். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து உழவர்க்கு அறிவுரை கூறும் தமக்கு, அதனைச் செய்து பார்க்க ஒரு காணி நிலமும் இல்லையே என்னும் குறை அவர் உள்ளத்தை வருத்திற்று.

அக்குறை 1905ஆம் ஆண்டில் நீங்கிற்று. பீகாரில் உள்ள பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியேற்றார். ஆய்வுக்கென 75 ஏக்கர் நிலமும் கிடைத்தது. தாவரவியல் வல்லுநரான கேப்ரியல் அம்மையாரை அவ்வாண்டே மணந்தார். இருவரும் ஒன்றி உழைத்துச் சிறந்த கோதுமை வகைகளைக் கண்டனர். சுற்றுப்புற உழவர்களின் பயிர்கள், பூச்சிமருந்து ஏதுமின்றியே செழித்திருந்தமை ஹோவர்டை வியப்பில் ஆழ்த்தியது. கற்பிக்க வந்த அவர் கற்பவரானார். அவ்வுழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார்.

1924ஆம் ஆண்டு முதல் இந்தூரில் அமைந்த ஆராய்ச்சி நிலையத்திற்குத் தலைமை தாங்கினார். வளம் குன்றிய நிலத்தை மீண்டும் வளமுறச் செய்வது எங்ஙனம் என்பதே அவர்தம் வினா. இலையையும் வைக்கோலையும் பயிர் நேரே உண்ணல் இயலாது. பாக்டீரியா, பூஞ்சை முதலிய நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து, வேர் உறிஞ்சத்தக்க உணவாக மாற்றித் தருகின்றன. ஆனால், தழைச்சத்துக் குறைந்த வைக்கோல், பருத்தித்தண்டு போன்றவற்றை அப்படியே நிலத்தில் இட்டால், அந்நுண்ணுயிர்கள் தம் உடல் வளர்ச்சிக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே கவர்ந்துகொள்ளும். அப்போது பயிர் உணவின்றி வெளிறும். சத்து மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாது போகும். தழைச்சத்து மிக்க கொழிஞ்சியின் இளந்தழையோ விரைவில் மட்கும். நெல்லை உழவர் அதனைத் தேர்ந்தமையின் நுட்பம் இதனால் விளங்கும்.

எனவே, நுண்ணுயிர்களின் செரிமானப் பணி வயலுக்கு வெளியே முடிந்துவிட வேண்டும் என ஹோவர்ட் முடிவு செய்தார். பருத்தித்தண்டுகளைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரங்களால் நசுக்கச் செய்தார். அவற்றொடு சருகு, சாணம், கோமியம் ஊறிய தொழுவமண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டார். ஈரமும் காற்றும் குன்றாவண்ணம் குவியலை உரிய காலத்தில் கிளறினார். நுண்ணுயிர்களின் உழைப்பால் குவியல் 65 பாகை அளவிற்குச் சூடேறியது. ஏறத்தாழ மூன்று திங்களில் அது கருமையான நல்லெருவாயிற்று. இதுவே இந்தூர் முறை எனப் பெயர் பெற்றது. இம்முறையை விளக்கும் நூலை, தம் உதவியாளர் யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அந்நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டில், வாழ்க்கைத்துணையாகவும் ஆய்வுத்துணையாகவும் விளங்கிய அம்மையார் மறைந்தார். அத்துயரிலும் ஹோவர்ட் தம் பணியைக் கைவிடவில்லை. தாயகம் திரும்பிய பின்னரும், இரசாயன உரம் ஒன்றே போதும் என்னும் கொள்கையை உறுதியுடன் எதிர்த்தார். அறிஞர் பலர் அவரை மறுத்தனர். அவர் கூறியவற்றுள் சில இன்றும் வாதத்திற்கு உரியனவே. ஆயினும், கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களின் உழைப்பின்றி நிலவளம் நிலைபெறாது என்பதை இன்று அறிவியலார் அனைவரும் ஒப்புவர். 1934ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்ற அவர், 1947ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

மண் என்பது வெறும் தூளன்று. எண்ணற்ற உயிர்கள் வாழும் இல்லம். அவ்வுயிர்கட்கு உணவிடாது விளைச்சலை மட்டும் கொள்வது, கடன் பெற்றுத் திருப்பித் தாராமைக்கு ஒப்பாகும். ஆறு நீரைத் தரும். மண்ணைப் பேணுதல் மாந்தர் கடமை. ஏட்டறிவு மிக்க ஒருவர், ஏர் பிடித்த உழவர்முன் பணிவுடன் நின்று கற்றமையால் இவ்வுண்மை உலகெங்கும் பரவியது. அப்பணிவே ஹோவர்டின் வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்க செல்வமாகும்.