மென்மையால் வென்ற ஆசான்

நெருள் போன்ற நகர்ப்பகுதிகளில் மாலை நேரங்களில் சிறுவர் சிறுமியர் பலர் வெள்ளைச் சீருடை அணிந்து, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ஜூடோ, கராத்தே வகுப்புகளுக்குச் செல்வதைக் காணலாம். அச்சீருடையையும் கறுப்புப் பட்டையையும் தற்காப்புக் கலைக்கு அளித்தவர் ஜப்பானிய ஆசிரியர் ஒருவர். அவரே கானோ ஜிகோரோ. ஜப்பானியர் குடும்பப் பெயரை முதலில் கூறுவர். எனவே, கானோ என்பது குடும்பப் பெயர்; ஜிகோரோ என்பது இயற்பெயர்.

இளமைப் பருவம்

கானோ 1860ஆம் ஆண்டு கோபே நகரை அடுத்த மிகாகே என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்த அவர், பின்னர்த் தந்தையுடன் தோக்கியோவில் வாழ்ந்தார். கல்வியில் சிறந்து விளங்கினார். எனினும், மெலிந்த உடலும் குறைந்த உயரமும் உடையவராக இருந்ததால், வலிமை மிக்க மாணவர்கள் அவரைத் துன்புறுத்தினர். வலிமை குறைந்தவரும் வலியவரை வீழ்த்த உதவும் ஜுஜுத்சு என்னும் கலையைப் பற்றி அவர் கேள்வியுற்றார். அதனைக் கற்றே தீர்வது என உறுதி பூண்டார்.

பழங்கலையின் நிலை

ஜு என்பதற்கு மென்மை, வளைந்து கொடுத்தல் என்பன பொருள். ஜுத்சு என்பதற்குக் கலை என்பது பொருள். சாமுராய் என்னும் போர்வீரர்கள் படைக்கலம் இல்லாத நேரத்தில் தம்மைக் காத்துக்கொள்ளப் பயின்ற கலை இது. எறிதல், பிடித்தல், மூட்டை முறுக்குதல், அடித்தல் ஆகியன இதில் அடங்கும். இக்கலையில் பல மரபுகள் இருந்தன. ஒவ்வொரு மரபினரும் தம் நுட்பங்களைத் தேர்ந்தெடுத்த மாணவர்க்கே கற்பித்தனர். தமிழ்நாட்டின் வர்மக்கலையும் இவ்வாறே ஆசான்களால் மறைத்துக் காக்கப்பட்டது.

1868ஆம் ஆண்டு ஜப்பானில் புதிய ஆட்சி மலர்ந்தது. 1876ஆம் ஆண்டு சாமுராய்கள் வாள் ஏந்துவது தடை செய்யப்பட்டது. மக்கள் மேலைநாட்டு முறைகளை விரும்பினர். ஜுஜுத்சுவைப் பயனற்ற பழங்கலை என ஒதுக்கினர். அதனால் ஆசான்கள் மாணவரின்றி வாடினர். அவர்களுள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டுப் பிழைத்தனர். வர்ம ஆசான்களும் எலும்பு முறிவுக்கு மருத்துவம் செய்வதை இங்கு நினைவுகூரலாம்.

தேடலும் பயிற்சியும்

1877ஆம் ஆண்டு தோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கானோ, எலும்பு முறிவு மருத்துவர்களிடையே தமக்குரிய ஆசானைத் தேடினார். முடிவில் ஃபுகுதா ஹச்சினோசுகே என்பவரை அடைந்தார். எறியும் முறை ஒன்றை விளக்குமாறு கானோ வேண்டியபொழுது, ஃபுகுதா விடை கூறவில்லை. அவரை மீண்டும் மீண்டும் தரையில் எறிந்தார். உடலால் உணர்ந்தே கற்க வேண்டும் என்பது பழைய முறை.

உடன் பயின்ற ஃபுகுஷிமா என்னும் பருத்த உடலினரைக் கானோவால் வெல்ல இயலவில்லை. அவர் சோர்ந்துவிடாமல் நூலகத்திற்குச் சென்றார். மேலைநாட்டு மற்போர் நூல் ஒன்றைப் படித்து, எதிரியைத் தோளில் தூக்கி எறியும் முறையைக் கண்டறிந்தார். அம்முறையால் ஃபுகுஷிமாவை வீழ்த்தினார்.

ஃபுகுதா மறைந்த பின் ஈசோ, ஈகுபோ என்னும் ஆசான்களிடம் கானோ கற்றார். ஒருநாள் பயிற்சியில் ஈகுபோவையே பலமுறை எறிந்தார். எதிரியின் உடல் நிலை தடுமாறும் கணத்தை அறிந்து எறிந்தால் சிறிய விசையே போதும் என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். இனித் தாம் கற்பிக்க ஒன்றுமில்லை என அவ்வாசான் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்.

ஜூடோவின் தோற்றம்

1882ஆம் ஆண்டு தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், 12 பாய்கள் விரித்த சிறு கூடத்தில், கோதோகான் என்னும் பயிற்சிப் பள்ளியைக் கானோ தொடங்கினார். முதலாண்டில் சேர்ந்த மாணவர் ஒன்பதின்மரே. தம் கலைக்கு ஜூடோ எனப் பெயரிட்டார். தோ என்பதற்கு வழி, நெறி என்பன பொருள். போரில் வெல்வதை விட நல்ல மனிதரை உருவாக்குவதே அவர் நோக்கம்.

காயமின்றி விழும் முறையை அவர் முதலில் கற்பித்தார். தீங்கு விளைக்கும் அடிகளைப் போட்டியிலிருந்து நீக்கினார். ஆயினும் அவற்றை அழியவிடாமல், வரையறுத்த அசைவுகளாகப் பயிலச் செய்தார். மறைத்துக் காத்த நுட்பங்களைக் காரணம் கூறி விளக்கினார். இவ்வாறு பழங்கலை பள்ளிப் பிள்ளைகளும் கற்கத்தக்க கல்வியாயிற்று.

உலகெங்கும் பரவல்

ஜூடோவின் செல்வாக்குப் பிற கலைகளிலும் படர்ந்தது. 1922ஆம் ஆண்டு ஒகினாவாத் தீவிலிருந்து வந்த ஃபுனகோஷி, கானோவின் அழைப்பை ஏற்றுக் கோதோகானில் கராத்தேயைச் செய்து காட்டினார். ஜூடோவின் சீருடையும் பட்டையும் பின்னர்க் கராத்தேயில் இடம்பெற்றன. கோதோகானில் பயின்ற மயேதா பிரேசிலுக்குச் சென்று கற்பித்தார். அங்குப் பிரேசிலிய ஜுஜுத்சு வளர்ந்தது. மற்றொரு பழைய மரபிலிருந்து உயேஷிபா அய்கிதோவை உருவாக்கியபொழுது, கானோ பொறாமை கொள்ளவில்லை. தம் மாணவரையே அவரிடம் கற்க அனுப்பினார்.

இந்தியாவிலும் இக்கலை கால்கொண்டது. இரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனுக்கு 1905ஆம் ஆண்டு சானோ என்பவரும், 1929ஆம் ஆண்டு தகாகாகி என்பவரும் ஜப்பானிலிருந்து வந்து கற்பித்தனர். அங்கு மாணவியரும் பயின்றனர்.

நிறைவு

பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் 1909ஆம் ஆண்டு இடம்பெற்ற கானோ, அக்குழுவின் முதல் ஆசிய உறுப்பினர் ஆவார். 1940ஆம் ஆண்டின் போட்டிகளைத் தோக்கியோவுக்குப் பெறப் பாடுபட்டார். கெய்ரோவில் நடந்த கூட்டம் முடிந்து திரும்புகையில், 1938 மே 4 அன்று கப்பலிலேயே உயிர்நீத்தார். போர்ச் சூழலால் அப்போட்டிகளும் நடைபெறவில்லை. ஆயினும், 1964ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது.

பழைய கலையை அப்படியே பூட்டி வைத்திருந்தால் அது ஆசான்களோடு மறைந்திருக்கும். முற்றிலும் கைவிட்டிருந்தால் புதிய கலைகளுக்கு வேர் இருந்திராது. கானோ இவ்விரண்டையும் செய்யாமல், கற்றதைப் பிறர்க்குத் திறந்து கொடுத்தார்.

வினாக்கள்

1. ஜுஜுத்சு ஆசான்கள் மாணவரின்றி வாடியதற்குக் காரணம் யாது?
2. ஃபுகுதா கற்பித்த முறைக்கும் கானோ கற்பித்த முறைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. உங்கள் குடும்பத்தினர் அறிந்த பழங்கலை ஒன்றைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.