வெறுங்காலால் கடல் கடந்த வீரர்

உதைபந்தாட்டம் என்றதும் நம் வீட்டுத் தம்பிமாரின் வாயில் இன்று வருவது மெஸ்ஸி, ரொனால்டோ, சலாஹ் போன்ற பெயர்கள்தான். இவர்கள் நாடு விட்டு நாடு சென்று, கழகம் மாறிக் கழகம் ஆடிப் புகழ் பெற்றவர்கள். ஆனால் கடல் கடந்து போவதென்றால் கப்பலேற வேண்டியிருந்த ஒரு காலத்தில், காலில் சப்பாத்துக்கூட இல்லாமல் கல்கத்தாவிலிருந்து ஸ்கொட்லாந்து வரை சென்று ஆடிக் காட்டிய ஒருவர் நமது அயல் நாட்டில் வாழ்ந்திருக்கிறார். அவர்தான் முஹம்மத் சலீம். தென்னாசியாவிலிருந்து சென்று ஐரோப்பியக் கழகமொன்றின் சீருடையில் விளையாடிய முதல் வீரர் என்று உதைபந்தாட்ட வரலாறு அவரைக் குறிப்பிடுகின்றது.

அவர் அங்கே போனதைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் சில மாதங்களிலேயே ஊருக்குத் திரும்பி வந்ததைப் பலர் ஒரு தவறாகவே பார்க்கிறார்கள். தேடி வந்த பெரும் வாய்ப்பைக் கைவிட்டுவிட்டார் என்பது அவர்களுடைய கருத்து. அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்த்தால், அந்தக் கருத்து சரியானதா என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

சலீம் 1904ஆம் ஆண்டு கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில், வசதி குறைந்த முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது அந்த நகரில் ஒரு பெரிய சம்பவம் நடந்தது. 1911 யூலை 29ஆம் திகதி மோகன் பகான் என்ற இந்தியக் கழகம், கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2க்கு 1 என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. வென்ற பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். ஆளுகின்றவர்களை அவர்களுடைய விளையாட்டிலேயே வெல்லலாம் என்ற நம்பிக்கை அன்று கல்கத்தாவின் சந்துகளெல்லாம் பரவியது. அந்த நம்பிக்கையோடு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர்தான் சலீம்.

பிரித்தானியர் தங்கள் படைமுகாம்களும் துறைமுகங்களும் இருந்த ஊர்களுக்கெல்லாம் இந்த விளையாட்டைக் கொண்டு சென்றார்கள். நமது திருகோணமலையும் அப்படியான ஒரு கடற்படைத் துறைமுகமே. ஆனால் விளையாட்டைக் கற்றுக்கொண்ட ஏழைப் பிள்ளைகளால் சப்பாத்தை வாங்க முடியவில்லை. ஆகவே அவர்கள் வெறுங்காலையே ஒரு கருவியாக ஆக்கிக்கொண்டார்கள். தம்பலகாமத்தில் அறுவடை முடிந்த வயலில் பந்தடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். பந்து எங்கே படுகிறது, எவ்வளவு வேகமாக உருள்கிறது என்பதைத் தோல் நேரடியாக உணர்கிறது. விரல்களால் பந்தைத் தட்டலாம், மெல்ல நிறுத்தலாம், சட்டென்று திசை மாற்றலாம். ஆனால் மழை பெய்து தரை சேறானால் வெறுங்கால் வழுக்கும். அடியில் குமிழ் வைத்த சப்பாத்து போட்ட எதிராளி மிதித்தால் எலும்பு முறியும். கல்கத்தா லீக் ஆட்டங்களோ மழைக்காலத்தில்தான் நடந்தன. எனவே வெறுங்காலோடு ஆடியவர்கள் எதிரணியை மட்டுமல்ல, தரையையும் வெல்ல வேண்டியிருந்தது.

சலீமுக்குப் படிப்பை விடப் பந்தில்தான் நாட்டம் இருந்தது. 1926இல் அவர் சித்தரஞ்சன் உதைபந்தாட்டக் கழகத்தில் சேர்ந்தார். பின்னர் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் இரண்டாம் அணி, ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் என்று பல கழகங்களில் ஆடினார். இக்காலத்து வீரர்களைப் போலக் கோடிக்கணக்கான பணத்துக்காக அவர் கழகம் மாறவில்லை. அன்றைய இந்திய உதைபந்தாட்டத்தில் அப்படிப்பட்ட பணமும் இருக்கவில்லை. தன் ஆட்டத்துக்குப் பொருத்தமான ஓர் அணியைத் தேடித்தான் அவர் அலைந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய இடம் முன்வரிசையின் வலது ஓரம். கோட்டை ஒட்டிப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடி, தடுக்க வருபவரை ஏமாற்றி, கோலுக்கு முன்னால் நிற்கும் தோழருக்குச் சரியாக உயர்த்திக் கொடுப்பதே அந்த இடத்தில் ஆடுபவரின் வேலை.

1934இல் அவர் மீண்டும் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கு வந்தார். 1891இல் ஆரம்பிக்கப்பட்ட கல்கத்தா முஸ்லிம்களின் கழகம் அது. கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, ஐரோப்பியரின் கழகங்களும் படை அணிகளுமே முதற்பிரிவுக் கிண்ணத்தை எடுத்து வந்தன. 1934இல் முஹம்மதன் அதை வென்றது. அதை வென்ற முதலாவது இந்தியக் கழகம் அதுவே. அதோடு நிற்காமல் 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்து வருடங்கள் கிண்ணம் அக்கழகத்திடமே இருந்தது. அந்த அணியின் தூண்களில் ஒருவர் சலீம்.

1936இல் பேர்லின் ஒலிம்பிக்கிற்குச் சென்றுகொண்டிருந்த சீன அணி வழியில் கல்கத்தாவில் இறங்கியது. அவர்களுக்கு எதிரான இரண்டு காட்சி ஆட்டங்களுக்குச் சலீமும் அழைக்கப்பட்டார். முதலாவது ஆட்டத்தில் அவர் ஆடிய விதத்தைச் சீன அணியினரே பாராட்டினார்கள். ஆனால் இரண்டாவது ஆட்டத்துக்கு ஆளைத் தேடினால் ஆளைக் காணவில்லை! பிரித்தானியாவில் வசித்து வந்த ஹாஷிம் என்ற உறவினர், விடுமுறையில் வந்திருந்தபோது சலீமின் ஆட்டத்தைப் பார்த்திருந்தார். இந்தத் திறமையை ஐரோப்பாவிலும் காட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சலீமும் இணங்கினார். இருவரும் கெய்ரோவில் சில நாட்கள் தங்கிவிட்டு, அங்கிருந்து கப்பலில் பிரித்தானியாவுக்குப் போனார்கள்.

ஹாஷிம் அவரை அழைத்துச் சென்ற இடம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள செல்டிக் கழகம். அந்தக் கழகத்தின் கதையும் நாம் அறிய வேண்டிய ஒன்று. வறுமையால் அயர்லாந்திலிருந்து வந்து கிளாஸ்கோவில் குடியேறிய கத்தோலிக்க மக்களின் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதற்காக, 1887இல் ஒரு துறவறச் சகோதரரின் முயற்சியால் ஆரம்பிக்கப்பட்ட கழகம் அது. ஆக, சிறுபான்மை மக்களின் கழகமொன்றிலிருந்து புறப்பட்ட வீரர், இன்னொரு சிறுபான்மை மக்களின் கழக வாசலில் போய் நின்றார். அதுவும் சாதாரண காலத்தில் அல்ல. 1936இல் ஸ்கொட்லாந்து லீக்கின் சம்பியன் செல்டிக்தான்.

முகாமையாளர் வில்லி மேலியிடம் ஹாஷிம் போய், இந்தியாவிலிருந்து ஒரு சிறந்த வீரர் வந்திருக்கிறார், ஆனால் அவர் வெறுங்காலோடுதான் ஆடுவார் என்று சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறை வீரர்களுக்கு நடுவே வெறுங்காலா என்ற சிரிப்பு அது. ஆனாலும் அவர் மறுத்துவிடவில்லை. கழக உறுப்பினர்கள் ஆயிரம் பேரும் மூன்று பயிற்றுநர்களும் பார்த்திருக்க ஒரு பரீட்சை வைக்கப்பட்டது. சலீமின் காலில் பந்து ஒட்டிக்கொண்டது போலிருந்த அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

அதன்பின் செல்டிக்கின் பச்சை வெள்ளைச் சீருடையில் அவர் இரண்டு ஆட்டங்களில் இறங்கினார். ஹாமில்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 5க்கு 1 என்று வென்றது. அதில் தண்டனை உதை மூலம் ஒரு கோலைச் சலீம் போட்டார். ஓகஸ்ட் 28ஆம் திகதி கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7க்கு 1 என்று வெற்றி. அதில் மூன்று கோல்களுக்கு வழிவகுத்துக் கொடுத்தவர் அவரே. மறுநாள் பத்திரிகையொன்று அவரை வித்தைகாட்டும் இந்தியர் என்று புகழ்ந்து, அவருடைய கால்விரல்கள் பார்த்தவர்களை மயக்கிவிட்டதாக எழுதியது. செல்டிக்கின் பயிற்றுநரும் முன்னாள் நட்சத்திர வீரருமான ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போடும் புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கின்றது. ஆளும் நாட்டின் பேர்பெற்ற வீரர் ஒருவர், ஆளப்பட்ட நாட்டு மனிதரின் பாதங்களைக் கையில் ஏந்தி நிற்பது 1936இல் சிறிய விடயம் அல்ல.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவை செல்டிக்கின் முதலாவது அணி ஆடிய பிரதான லீக் ஆட்டங்கள் அல்ல; துணை அணியின் ஆட்டங்கள். ஆகவே அவர் அங்கே பெரும் நட்சத்திரமாகிவிட்டார் என்று நாம் கதை கட்டத் தேவையில்லை. ஆனால் சப்பாத்து போட்டவர்களுக்கு நடுவே வெறுங்காலோடு ஆட முடியுமா என்ற கேள்விக்கு அந்த இரண்டு ஆட்டங்களே போதுமான பதிலாகிவிட்டன.

கழகம் அவரைத் தங்கச் சொல்லிக் கேட்டது. ஜேர்மனியிலும் ஆட அழைப்பு வந்ததாகச் சொல்லப்படுகின்றது. ஆனால் சலீமுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. குளிர், மொழி, உணவு, தனிமை எல்லாம் சேர்ந்தால் மனம் என்ன பாடுபடும் என்பது, மத்திய கிழக்கில் உழைக்கும் உறவினரைக் கொண்ட நம் வீடுகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் போவதற்கு முன் கழகம் ஓர் உதவி ஆட்டத்தை நடத்தி, வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கை அவருக்குத் தர முன்வந்ததாம். ஆட்டம் பார்க்க வரும் அநாதைப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துவிடும்படி சலீம் கேட்டுக்கொண்டார் என்பது அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் தரும் செய்தி. பசித்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கழகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிரியாவிடை இருக்க முடியாது.

கல்கத்தாவுக்குத் திரும்பிய சலீம் மீண்டும் முஹம்மதன் சீருடையை அணிந்தார். 1937, 1938 ஆகிய ஆண்டுகளின் லீக் வெற்றிகளிலும் அவருக்குப் பங்கிருந்தது. திரும்பி வந்ததால் அவர் எதையும் இழக்கவில்லை என்று சொல்ல முடியாது. பணத்தை இழந்தார், உலகப் புகழையும் இழந்திருக்கலாம். ஆனால் கிளாஸ்கோ அவருக்குக் கொடுத்திருக்கக்கூடியது ஒரு சம்பளம். கல்கத்தாவில் அவருக்கு இருந்ததோ, அடிமை நாட்டின் மக்கள் தலைநிமிர்ந்து பார்த்த ஓர் அணி. அந்த அணிக்கு அவர் தேவைப்பட்டார்.

காலம் ஓடியது. முதுமையில் அவர் நோயுற்றிருந்தபோது, அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சிகிச்சைக்குப் பணம் தேவை என்று அதில் குறிப்பிட்டிருந்தாலும், தன் தந்தையை அங்கே யாராவது இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று அறிவதே அவருடைய நோக்கமாக இருந்தது. பதில் வந்தது. கடித உறைக்குள் 100 பவுணுக்கான வங்கி வரைவு ஒன்றும் இருந்தது. மகன் அதைப் பணமாக மாற்றவில்லை. தந்தைக்குக் கிடைத்த மரியாதையாக அப்படியே பத்திரப்படுத்திக்கொண்டார். சலீம் 1980இல் தனது 76ஆவது வயதில் காலமானார்.

அவருக்குப் பிறகு, 1999இல் பாய்ச்சுங் பூட்டியா என்ற முன்கள வீரர் இங்கிலாந்தின் பெரி கழகத்தில் சேர்ந்தபோதுதான் இந்திய வீரர் ஒருவரின் ஐரோப்பியப் பயணம் மீண்டும் பெரிதாகப் பேசப்பட்டது. இடையில் 63 ஆண்டுகள்! சலீம் திறந்த கதவு எவ்வளவு பாரமானது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

தோழிகளே, பரீட்சை முடிந்ததும் நம்மில் சிலர் பல்கலைக்கழகத்துக்குப் போவோம், சிலர் வெளிநாட்டுக்கும் போகக்கூடும், சிலர் ஊரிலேயே இருப்போம். தூரம் போனவர்தான் வென்றவர் என்று பெற்றோரும் உறவினரும் கணக்குப் பார்ப்பது வழமை. சலீமின் வாழ்க்கை அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போடச் சொல்கின்றது. போக வேண்டிய நேரத்தில் அவர் தயங்கவில்லை. தன்னிடம் இல்லாத சப்பாத்தை நினைத்து வெட்கப்படவுமில்லை. தன் திறமையைத் தானே அறிந்துகொண்ட பிறகு, அதை யாருக்காகச் செலவிட வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். போகும் துணிவும் திரும்பும் துணிவும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அபூர்வம். அந்த இரண்டும் இருந்த மனிதர் என்பதற்காகவே மர்ஹூம் முஹம்மத் சலீமை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.