கண்புரையை உறிஞ்சி எடுத்த அம்மார் அல்-மவ்ஸிலி

நம் வீட்டுப் பெரியவர்களில் கண்புரை அறுவை செய்துகொள்ளாதவர்கள் குறைவு. காலையில் மருத்துவமனைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பிவிடுகிறார்கள். புரையை உடைத்து, குழாய் வழியே உறிஞ்சி எடுக்கிறார்கள். உறிஞ்சி எடுக்கும் இந்த யோசனையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்த ஒரு முஸ்லிம் மருத்துவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயர் அம்மார் இப்னு அலீ அல்-மவ்ஸிலி. இராக்கின் மவ்ஸில் நகரத்தவர். கண் மருத்துவத்தையே தம் தொழிலாகக் கொண்டு குராசான், சிரியா, பாலஸ்தீனம் எனப் பல பகுதிகளுக்கும் சென்று சிகிச்சை அளித்தார். இறுதியில் எகிப்தில் குடியேறினார். அப்போது அங்கே ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாகிம் (கி.பி. 996–1021) ஆட்சி செய்தார். ஒளியியல் மேதை இப்னுல் ஹைஸம் எகிப்தில் வாழ்ந்ததும் இதே காலத்தில்தான்.

அன்று கண்புரையை அரபியில் 'இறங்கிய நீர்' என்ற பொருளில் அழைத்தார்கள். கண்மணிக்குப் பின்னால் ஏதோ ஒரு நீர் இறங்கி உறைந்துவிடுகிறது என்பது மருத்துவர்களின் எண்ணம். கண்ணின் லென்ஸே மங்கிப்போவதுதான் புரை என்பது ஐரோப்பாவில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில்தான் உறுதியானது. ஊசியால் புரையைக் கீழே தள்ளிவிடுவதே அன்றைய வழக்கம். தள்ளிய புரை சிலருக்கு மீண்டும் மேலேறிப் பார்வையை மறைத்துவிடும்.

அம்மார் இதோடு நிறைவடையவில்லை. உள்ளே துளையுள்ள உலோக ஊசி ஒன்றை அமைத்தார். அதைக் கண்ணுக்குள் செலுத்தி, மென்மையான புரையை உறிஞ்சி வெளியே எடுத்தார். மயக்க மருந்தோ கிருமிநாசினியோ இல்லாத காலம் அது. கை சற்றுத் தவறினாலும் நோயாளியின் பார்வை போய்விடும்.

தம் அனுபவத்தை 'அல்-முன்தகப்' என்ற நூலாக எழுதி அல்-ஹாகிமுக்கு அர்ப்பணித்தார். தாம் செய்த ஆறு கண்புரை அறுவைகளை அதில் விவரித்துள்ளார். பாக்தாதின் அலீ இப்னு ஈஸா எழுதிய கண் மருத்துவ நூலே பின்னாளில் அதிகம் பரவியது. எனினும் அம்மாரின் நூல் 13-ஆம் நூற்றாண்டில் ஹீப்ருவுக்குப் பெயர்க்கப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் கண் மருத்துவர் ஹிர்ஷ்பெர்க் அதை உலகுக்கு மீண்டும் அறிமுகம் செய்தார்.

தேடல் இன்றும் நிற்கவில்லை. கண் லென்ஸில் கால்சியம் மிகும்போது 'கால்பைன்' என்ற நொதி தூண்டப்பட்டு, லென்ஸின் புரதங்களைச் சிதைக்கிறது. லென்ஸ் மங்குகிறது. அந்த நொதியைத் தடுக்க மருந்து தேடுகிறார்கள். ஆனால் உடலின் பிற உறுப்புகளுக்கும் கால்பைன் தேவை. ஆகவே ஒளி பட்டால் வடிவம் மாறி, வேலை செய்யவோ நிறுத்தவோ கூடிய தடுப்பான்களை ஆய்வாளர்கள் உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். தேவையான இடத்தில் மட்டும் மருந்து செயல்பட வேண்டும் என்பதே நோக்கம். ஊசி செய்ததை ஒளியால் செய்யும் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

இவை இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் உள்ளன. இன்றுவரை புரையை நீக்க அறுவை ஒன்றே வழி. சொட்டு மருந்தில் கரைந்துவிடும் என்று நம்பி நம் பெற்றோரின் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அம்மார் போன்றோரின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பெருமை பேசுவதற்காக மட்டுமல்ல. இருப்பதோடு நின்றுவிடாமல் தேட அவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக.